‘கோ’: ஏழு ஃப்ரேமில் ஐந்தாவது

2011 ஏப்ரல் 22, பெரிய வெள்ளிக்கிழமை. வாக்குப்பதிவு முடிந்து ஒன்பது நாள், அழகர் ஆற்றில் இறங்கி நாலு நாள். தேர்தலும் சித்திரைத் திருவிழாவும் ஒரே மாதத்தில் வந்துவிட்டால் மதுரையில் பத்திரிகைப் போட்டோகிராபர் வீட்டுக்குப் போவது குளித்துச் சட்டை மாற்ற மட்டும்தான். அப்போது நான் ஒரு நாளிதழுக்கு மாவட்ட அளவில் படம் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். மாதச் சம்பளம் கிடையாது, படத்துக்கு இவ்வளவு என்று கணக்கு. அன்று இரவுக் காட்சிக்குப் போகும்போதும் கேமரா பை தோளில் தொங்கியது. வாசலில் பையைத் திறந்து காட்டி, மெமரி கார்டைக் கழற்றிக் கையில் கொடுத்த பிறகுதான் உள்ளே விட்டார்கள்.

அப்படிப் பார்த்த படம் ‘கோ’. போன மாதம் மறுபடி பார்த்தேன், இந்த முறை அக்கா மகளோடு. அவளுக்குப் புதிதாக வாக்காளர் அட்டை வந்திருக்கிறது. பதினைந்து வருஷத்துக்குப் பக்கமாகப் போகிற படத்தைப் பற்றி இப்போது எழுதக் காரணம் அவள்தான். கதையின் முடிச்சையும் முடிவையும் இங்கே சொல்லப்போகிறேன். பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்து படியுங்கள், அதுதான் நல்லது.

படம் வந்த நேரத்தை முதலில் சொல்ல வேண்டும். ஏப்ரல் 13இல் 234 தொகுதிக்கும் ஒரே நாளில் ஓட்டுப் போட்டுவிட்டோம். எண்ணியது மே 13இல். நடுவே ஒரு மாதம் இயந்திரங்கள் ஸ்ட்ராங் ரூமில் சீல் வைத்துக் கிடந்தன. மக்கள் தீர்ப்பு எழுதியாகிவிட்டது, என்ன எழுதினார்கள் என்று யாருக்கும் தெரியாது. எனக்கு அந்த வாரங்களில் கிடைத்த வேலை ஸ்ட்ராங் ரூம் வாசலில் துப்பாக்கியோடு நிற்கும் காவலரைப் படம் எடுப்பது. அதற்கு முன்பு பிரசாரக் காலம் முழுக்கத் தேர்தல் கமிஷன் வண்டிகளை மறித்து மறித்துச் சோதனை போட்டது. திருச்சியில் ஆம்னி பஸ் கூரையில் இருந்து 5 கோடிக்கு மேல் பணம் பிடித்தார்கள். எங்கள் மாவட்டத்துக்கு அது புதிதல்ல. 2009 ஜனவரி இடைத்தேர்தலுக்குப் பிறகு ஓட்டுக்குப் பணம் கொடுப்பதற்கு ‘திருமங்கலம் ஃபார்முலா’ என்ற பெயரே நாடு முழுக்கப் பரவியிருந்தது. டீக்கடையில் ஒரு பக்கம் 2ஜி ஊழல் பேச்சு, இன்னொரு பக்கம் டெல்லியில் அண்ணா ஹசாரே உண்ணாவிரதம். இந்தச் சூட்டில், ‘படித்த பையன்கள் கட்சி தொடங்கி ஆட்சியைப் பிடிக்கிறார்கள்’ என்று கதை சொல்லும் படம் திரைக்கு வந்தது. கைதட்டல் எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

‘கோ’ என்றால் அரசன். நன்னூல் கணக்குச் சொல்கிற ஓரெழுத்து ஒருமொழிகள் 42இல் ஒன்று. இதைவிடச் சிறிய தலைப்பு வைக்க முடியாது. இதைவிடப் பொருத்தமாகவும் முடியாது, ஏனென்றால் அரசனை உட்கார வைப்பது யார் என்பதுதான் படம் கேட்கும் கேள்வி.

கதை இதுதான். அஸ்வின் (ஜீவா) ‘தின அஞ்சல்’ நாளிதழின் போட்டோகிராபர். ரேணுகா (கார்த்திகா), சரோ (பியா) இருவரும் அதே பத்திரிகை. முதலமைச்சர் யோகேஸ்வரனாக பிரகாஷ் ராஜ், எதிர்க்கட்சித் தலைவர் ஆளவந்தானாக கோட்டா சீனிவாச ராவ். இரண்டு பேருமே ஊரைச் சுருட்டுகிறவர்கள். இவர்களுக்கு நடுவே வசந்தன் பெருமாள் (அஜ்மல்) என்ற இளைஞன், அஸ்வினின் நண்பன், ‘சிறகுகள்’ என்ற பெயரில் நண்பர்களைச் சேர்த்துத் தேர்தலில் நிற்கிறான். காசில்லை, ஆளில்லை. பிரசாரத்துக்குப் போனால் அடி விழுகிறது. தின அஞ்சல் அவர்கள் பக்கம் நிற்கிறது. வசந்தன் ஜெயித்து முதலமைச்சர் ஆகிறான். அதற்கு அப்புறம்தான் நிஜக் கதை.

இயக்குநர் கே.வி. ஆனந்த் சினிமாவுக்கு வருமுன் பத்திரிகைகளுக்குப் படம் எடுத்தவர். எழுத்தாளர் இரட்டையர் சுபாவின் நாவல்களுக்கு அட்டைப்படம் எடுத்ததும் அவர்தான். பிறகு பி.சி. ஸ்ரீராமிடம் சேர்ந்து ஒளிப்பதிவாளர் ஆனார், ‘தேன்மாவின் கொம்பத்து’ மலையாளப் படத்துக்குத் தேசிய விருது வாங்கினார். ‘கோ’வின் திரைக்கதையில் அந்தச் சுபாவும் இருக்கிறார்கள். இந்தப் பின்னணி படத்தில் எங்கெங்கே தெரிகிறது என்று எங்களைப் போன்றவர்களுக்குத்தான் சரியாகத் தெரியும்.

முதல் காட்சியையே எடுத்துக்கொள்ளுங்கள். வங்கியில் கொள்ளை அடித்துவிட்டு ஓடுகிறவர்களை அஸ்வின் பைக்கில் துரத்தியபடியே படம் எடுக்கிறான். ஓடுகிற வண்டியில் இருந்து அப்படியெல்லாம் தெளிவாக எடுக்க முடியுமா என்றால் பெரும்பாலும் முடியாது. பத்து எடுத்தால் எட்டு ஆடியிருக்கும். ஆனால் கவனித்துப் பாருங்கள், அவன் வ்யூஃபைண்டரில் கண்ணை வைக்காமலே பல ஃப்ரேம் அடிக்கிறான். கையை மேலே நீட்டி, லென்ஸை உத்தேசமாகத் திருப்பி, பட்டனை விடாமல் அழுத்துவது. கூட்டத்தில் நாங்கள் எடுக்கிற முறை அதுதான். தலைவர் மேடை ஏறும்போது முன்னால் நாற்பது தலை மறைக்கும். கேமராவைத் தலைக்கு மேல் தூக்கிக் குருட்டாம்போக்கில் அடிப்போம். பழகிய கைக்கு எங்கே முகம் விழும் என்று தெரியும். அதை நடிகருக்குச் சொல்லிக்கொடுத்தவர் அதைச் செய்து பார்த்தவராகத்தான் இருக்க வேண்டும். ஜீவாவின் தோளில் பட்டை விழும் விதம், பேசிக்கொண்டே விரல் ஷட்டர் மேல் கிடப்பது, இதெல்லாம் அசல்.

அப்புறம் ஆளவந்தான் பகுதி. ஜோசியத்தை நம்பி, பதவிக்காகச் சின்னப் பெண்ணைக் கல்யாணம் செய்துகொள்ள நினைக்கும் கிழவர். ரேணுகா அதை எழுதுகிறாள், ஆதாரம் இல்லாமல் எழுதியதாக மாட்டிக்கொள்கிறாள், வேலை போகிறது. அஸ்வின் ராத்திரியில் போய் அந்தக் கல்யாணத்தைப் படம் எடுத்து வருகிறான். கமர்ஷியல் படத்துக்கே உரிய சாகசம்தான். ஆனாலும் ஒரு செய்தி வெளிவருவதற்கும் வெளிவராமல் போவதற்கும் நடுவில் ஒரே ஒரு படம் நிற்பதை அந்தப் பகுதி நன்றாகக் காட்டுகிறது. ‘எங்கே புரூஃப்?’ என்று கேட்டு ஆசிரியர் கை விரிக்கும்போது அந்த அறையில் எத்தனை தடவை நின்றிருக்கிறேன்!

கோட்டா சீனிவாச ராவைப் பார்த்தால் சிரிப்பும் வரும், அருவருப்பும் வரும். பிரகாஷ் ராஜ் வருவது கொஞ்ச நேரம்தான். பேட்டியில் கேள்வி பிடிக்காமல் நிதானம் இழக்கும் இடத்தில் அவர் முகம் படிப்படியாக மாறுவதைப் பாருங்கள். முதலில் சிரிப்பு, அந்தச் சிரிப்பு உதட்டோடு நின்றுபோவது, பிறகு கண். அந்த நொடிக்குத்தான் நாங்கள் மணிக்கணக்காகக் காத்துக்கிடப்போம்.

ஆனால் இந்தப் படம் என்னை இத்தனை வருஷம் விடாமல் பிடித்து வைத்திருப்பது இவர்களால் அல்ல. வசந்தனால்.

ஊழல் படங்களில் கெட்டவன் யார் என்று போஸ்டரிலேயே தெரியும். தொந்தி, வெள்ளை வேட்டி, விரல் நிறைய மோதிரம். ‘கோ’ அந்த இரண்டு ஆட்களையும் முதல் பாதியிலேயே காட்டிவிட்டு, அவர்கள் மேல் நம் கோபத்தை எல்லாம் கொட்ட வைத்துவிட்டு, ஜீன்ஸ் போட்டு நல்ல தமிழில் பேசுகிற, பார்த்ததும் பிடித்துப்போகிற பையனைக் கடைசியில் கொலைகாரன் என்கிறது. அவன் கூட்டத்தில் வெடித்த குண்டு அவனே பேசி வைத்து வெடிக்கச் செய்தது. அனுதாப ஓட்டுக்காக. சரோவின் சாவுக்குப் பின்னால் இருந்ததும் அவன்தான். நக்சல் தலைவன் கதிரோடு (போஸ் வெங்கட்) ஒப்பந்தம் போட்டு ஆட்சிக்கு வருகிறான், வந்ததும் அவர்களையும் ஏமாற்றுகிறான். இவ்வளவும் செய்கிறவனை நாட்டுக்கு அறிமுகப்படுத்தியது அஸ்வினின் கேமரா. குண்டு வெடிக்கும் முன்பு அவனைக் காப்பாற்றி மேடையில் இருந்து இழுத்து வந்ததும் அஸ்வின்தான்.

ஷங்கரின் ‘முதல்வன்’ 1999இல் வந்தது. அதற்கு ஒளிப்பதிவு செய்தவரும் இதே கே.வி. ஆனந்த். அதில் பேட்டி எடுக்கப்போன டிவிக்காரனே ஒரு நாள் முதல்வர் ஆகிறான். பன்னிரண்டு வருஷம் கழித்து அதே மனிதர் தானே படம் எடுத்தபோது, பத்திரிகைக்காரன் முதல்வர் ஆவதில்லை, முதல்வரை உண்டாக்குகிறான். உண்டாக்கிய பிறகு என்ன செய்வது என்று தெரியாமல் நிற்கிறான். எனக்கு இரண்டாவதுதான் உண்மைக்குப் பக்கத்தில் இருப்பதாகப் படுகிறது. ஏன் என்று சொல்ல, என் கதையில் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

அதே 2011 அக்டோபரில் உள்ளாட்சித் தேர்தல் வந்தது. எங்கள் பகுதி வார்டில் ஒரு இளைஞர் நின்றார். பட்டதாரி, கெட்ட பெயர் இல்லை. ஒருநாள் காலையில் போன் வந்தது. ‘அண்ணே, சாக்கடை அடைச்சிருக்கு, நாங்களே இறங்கி எடுக்கப்போறோம், வந்தா நல்லா இருக்கும்.’ போனேன். கையில் நிக்கான் டி90. பேண்டை முழங்கால் வரை மடித்து அவர் கறுப்புத் தண்ணீரில் இறங்கி, மண்வெட்டியால் சகதியை அள்ளிப்போட்டார். விடாமல் அழுத்தினேன், ஏழு ஃப்ரேம் விழுந்தது. ஐந்தாவது அருமையாக வந்திருந்தது. தூக்கிய மண்வெட்டியில் இருந்து சகதி சொட்டுகிறது, நெற்றியில் வேர்வை, பின்னால் வாசல்படியில் நிற்கும் பாட்டி கும்பிடுகிறார். அதை அனுப்பினேன். நாலு பத்தி அகலத்தில் போட்டார்கள். மறுநாளே அது போஸ்டர் ஆயிற்று. ஜெயித்தார்.

இரண்டு வருஷத்துக்குள் வார்டில் புதுக் குழாய் இணைப்பு வேண்டும் என்றால் மாநகராட்சிக் கட்டணம் போக அவர் ஆளிடம் தனியாகப் பத்தாயிரம் கொடுக்க வேண்டும் என்றாகிவிட்டது. என் அத்தையே கொடுத்தார். நகையை அடகு வைத்துவிட்டு வந்து, ‘நீ படம் பிடிச்சுப் போட்ட பையன்தானேடா’ என்று மட்டும் கேட்டார். காலிக் குடங்களோடு பெண்கள் மறியல் செய்த படத்தை எடுத்து அனுப்பினேன். அது வரவில்லை. அன்றைக்கு இடம் இல்லை என்றார்கள். அதற்கு மேல் நானும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். அந்த வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது.

அப்புறம் ஒருநாள் பழைய ஹார்ட் டிஸ்கில் வேறு எதையோ தேடும்போது அந்த ஏழு ஃப்ரேமும் கண்ணில் பட்டன. பெரிதாக்கிப் பார்த்தேன். முதல் ஃப்ரேமில் அவர் கரையில் நிற்கிறார், பக்கத்தில் ஒரு பையன் அவருடைய செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டிருக்கிறான். இரண்டாவதில் ஒரு கால் தண்ணீருக்கு மேலே அப்படியே நிற்கிறது, கண் என் லென்ஸில். நான் ரெடியா என்று பார்க்கிறார். எல்லாம் என் கார்டிலேயே இருந்தது. நான் ஐந்தாவதைத் தேர்ந்தெடுத்தேன், அவ்வளவுதான்.

நண்பனை நம்பிவிட்டு, எல்லாம் முடிந்த பிறகு உண்மை தெரிந்து அஸ்வின் உட்கார்ந்துவிடும் காட்சி வரும்போது, தியேட்டரில் பார்த்ததைவிட இந்த முறை எனக்குக் கனமாக இருந்தது. முதலில் பார்த்தபோது அது திருப்பம். இப்போது அது நான் பார்த்த விஷயம்.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். படம் நீளம், இரண்டே முக்கால் மணி நேரத்துக்குப் பக்கம். ஹாரிஸ் ஜெயராஜின் பாட்டுகளைக் கேட்க அலுக்காது. மதன் கார்க்கி எழுதிய ‘என்னமோ ஏதோ’ இன்றைக்கும் என் வண்டியில் ஓடுகிறது. ஆனால் படத்துக்குள் அவை கதையைக் கைகாட்டி நிறுத்திவிட்டு வெளிநாட்டுக்குப் போய்விடுகின்றன. மலையும் பனியும் அழகுதான், ரிச்சர்ட் எம். நாதன் அருமையாக எடுத்திருக்கிறார். தேர்தல் அன்றைக்கு யாருக்கு வேண்டும் அது? ‘அக நக’ பாட்டில் சூர்யா, கார்த்தி எல்லாம் வந்து போவார்கள், விசில் அடிக்க அது சரி. ரேணுகாவை முதல் பாதியில் நல்ல செய்தியாளராகக் கொண்டுவந்துவிட்டு, பின்பாதியில் கடத்தப்படுவதற்காக மட்டும் வைத்திருக்கிறார்கள். சரோவுக்குத்தான் உயிர் அதிகம். பியா அந்தத் துறுதுறுப்பை இயல்பாகக் கொடுத்ததால்தான் அவள் சாவு வலிக்கிறது. நக்சல்களைப் பற்றிப் படத்துக்கு அக்கறை இல்லை. அவர்கள் ஏன் காட்டுக்குப் போனார்கள் என்ற கேள்வியே வராது, குண்டு வைக்க ஆள் தேவைப்பட்டது, வந்தார்கள். கிளைமாக்ஸ் சண்டையில் பாதியை வெட்டியிருக்கலாம்.

சிறகுகள் ஜெயிப்பதையும் கேட்க வேண்டும். 2006 சட்டமன்றத் தேர்தலில் ஐ.ஐ.டி.யில் படித்தவர்கள் ‘லோக் பரித்ராண்’ என்று கட்சி ஆரம்பித்துச் சென்னையில் நின்றார்கள். பேப்பரில் நன்றாகவே செய்தி வந்தது, சீட்டு ஒன்றும் வரவில்லை. பூத் கமிட்டிக்கு ஆள் இல்லாமல், தெருவுக்குத் தெரு முகம் தெரியாமல் செய்தியால் மட்டும் ஜெயிப்பது நடக்கிற காரியம் இல்லை. ஆனந்த் அதைத் தெரிந்துதான் குண்டை வைத்திருக்கிறார் என்று இப்போது தோன்றுகிறது. நியாயமான வழியில் அவர்கள் தோற்றிருப்பார்கள் என்று வசந்தனுக்குத் தெரியும். அவன் கெட்டுப்போன புள்ளி அதுதான், நாற்காலியில் உட்கார்ந்த பிறகு அல்ல.

கடைசி முடிவுக்கு வருகிறேன். வசந்தன் சாகிறான். உண்மை முழுக்க அஸ்வினிடம் இருக்கிறது. வெளியே வந்து, முதலமைச்சர் தீவிரவாதிகளோடு போராடி உயிர் விட்டார் என்று சொல்கிறான். உண்மையைச் சொன்னால் மக்கள் சிறகுகள் மேலேயே நம்பிக்கை இழந்துவிடுவார்கள், மற்ற நல்ல பையன்கள் எல்லாம் வீணாகிவிடுவார்கள் என்பது அவன் கணக்கு. பிறகு, பத்திரிகையாளனாக இருக்கும் தகுதி தனக்கு இல்லை என்று ஆசிரியருக்கு ராஜினாமா எழுதுகிறான். ஆசிரியர் அதை ஏற்றுக்கொள்ளவில்லை.

தியேட்டரில் அன்றைக்குக் கைதட்டினார்கள். நானும் தட்டினேன் என்றுதான் நினைவு. இன்றைக்கு அந்த முடிவை என்னால் ஏற்க முடியவில்லை. கேப்ஷன் தவறாகப் போய்விட்டால் மறுநாள் திருத்தம் போடுவது எங்கள் தொழிலின் குறைந்தபட்ச மரியாதை. ஒரு மனிதனை முதல் பக்கத்தில் போட்டு நாட்டுக்கே நம்ப வைத்தாய், அவன் சரோவைக் கொன்றவன் என்று தெரிந்தும் முதல் பக்கத்தில் மாலை போடுகிறாய். சரோவின் அம்மா அப்பா அந்தப் பேப்பரைப் படிப்பார்களே? மக்கள் தாங்க மாட்டார்கள் என்று நீ எப்படி முடிவு செய்தாய்? மக்களுக்கு என்ன தெரியலாம், என்ன தெரியக்கூடாது என்று ஒருவன் தீர்மானிக்க ஆரம்பித்தால், யோகேஸ்வரன் செய்ததும் அதுதானே. இவ்வளவு சொன்னாலும், அந்த ராஜினாமாக் கடிதத்துக்காக ஆனந்தை மதிக்கிறேன். ஹீரோ செய்ததெல்லாம் சரி என்று கொடி ஏற்றி முடிக்காமல், ‘நான் தப்பு செய்தேன்’ என்று அவன் கையாலேயே எழுத வைத்தார். படச் சட்டத்துக்குப் பின்னால் நின்ற அனுபவம் இல்லாதவர் அந்தக் கடிதத்தை எழுதியிருக்க மாட்டார்.

கே.வி. ஆனந்த் 2021 ஏப்ரல் 30இல் போய்விட்டார். ‘கோ’ வந்து சரியாகப் பத்து வருஷம் முடிந்த அடுத்த வாரம். அன்றைக்கு எங்கள் போட்டோகிராபர்கள் வாட்ஸப் குழுவில் ஆளாளுக்கு அந்த வங்கிக் காட்சியைத்தான் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். தெலுங்கில் ‘ரங்கம்’ என்று போய் அங்கேயும் நன்றாக ஓடிய படம். 2016இல் ‘கோ 2’ என்று ஒன்று வந்தது. இதன் கதைக்கும் அதன் கதைக்கும் உறவு இல்லை, தேட வேண்டாம்.

பாருங்கள் என்றுதான் சொல்வேன். முதல் தடவை ஓட்டுப் போடப்போகிற பிள்ளைகள் வீட்டில் இருந்தால் கூட உட்கார வைத்துப் பாருங்கள். பாட்டுகளைத் தாண்டிக்கொள்ளலாம், ‘நெற்றிப் பொட்டில்’ மட்டும் வேண்டாம்.

அக்கா மகள் படம் முடிந்ததும் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, ‘மாமா, அஸ்வின் பேப்பர்க்காரனா, கட்சிக்காரனா?’ என்று கேட்டாள். பதில் சொல்லாமல் ஹார்ட் டிஸ்கைச் செருகி, அந்த ஏழு ஃப்ரேமையும் வரிசையாகக் காட்டினேன். யார், என்ன என்று எதுவும் சொல்லவில்லை. ஐந்தாவதைப் பார்த்து ‘சூப்பர் ஷாட்’ என்றாள். திரும்ப முதலில் இருந்து தள்ளிக்கொண்டு வந்தவள் இரண்டாவதில் நின்றுவிட்டாள். இரண்டு விரலால் அவர் கண்ணைப் பெரிதாக்கினாள்.

‘இவர் உங்களைத்தானே பார்க்கிறார், மாமா?’